ஆண் கத்தி பட்ட பன்

நபீஸா இத்தா இருந்தாள். புருஷன் சீனிமுகம்மது மௌத்தாகி நாற்பதாம் நாள் கத்தமும் ஓதியாகிவிட்டது. நாலு மாதமும் பத்து நாளும் பிற ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்கவேண்டும். அதில் அவளுக்கு ஒரு மனக்குறையும் இல்லை. உண்மையைச் சொன்னால், சும்மா இரு என்று யாராவது அவளுக்குச் சொன்னது பிறந்த நாளிலிருந்து அதுதான் முதல் தடவை. மாரி முழுக்கக் குளிர்காய்ச்சலில் கிடந்த மனிதனைத் தூக்கி இருத்தி, துடைத்து, கஞ்சி பருக்கி, அவன் கண்ணயர்ந்த நேரத்தில் பாய் இழைத்து, அவளுடைய எலும்பெல்லாம் கழன்று போயிருந்தது. ஒரு கிழமை யாரும் கூப்பிடாமல் படுத்துக் கிடந்தால் போதும் என்றிருந்தது.

கிடக்க விட்டால்தானே. துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்குத் துக்கத்தில் இருக்கிறவள்தான் ஆறுதல் சொல்லவேண்டும் என்று எந்தக் கிதாபில் எழுதியிருக்கிறதோ தெரியாது. வந்த பெண்கள் எல்லோரும் கடைசி நேரத்தில் அவர் என்ன கேட்டார், தண்ணி குடித்தாரா, கலிமா சொன்னாரா என்று முதலிலிருந்து கேட்டார்கள். அவளும் முதலிலிருந்து சொன்னாள். சொல்லிச் சொல்லி அவளுடைய புருஷனின் மௌத்து அவளுக்கே யாரோ சொன்ன கதை மாதிரி ஆகிவிட்டது. அழுகையும் வரவில்லை. வராததற்கும் ஊர் ஒரு பேச்சுப் பேசியது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

ஓட்டமாவடியில் ரயில் பாலம் போட்டுப் பத்து வருடம் ஆகியிருந்த காலம் அது. பாலத்துக்கு அப்பால் ஆற்றுத் தண்ணீர் வாவியில் கலக்கிற ஓரத்தில், பெரிய நிலக்காரரான இப்றாஹிம் போடியாரின் வயல் வட்டை முடிகிற வரம்புக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒரு நீளமான சேற்று நிலம் கிடந்தது. அந்தச் சேற்றில்தான் பன் வளர்ந்தது. ஆள் உயரப் பச்சைப் புல். மாரி வெள்ளம் வடிந்ததும் பெண்கள் இடுப்பளவுச் சேற்றில் இறங்கி அதை வெட்டி, காயவைத்து, கிழித்து, சாயம் போட்டுப் பாய் இழைப்பார்கள். கச்சேரியில் கேட்டால் அது அரசாங்கத் தரை என்பார்கள். போடியாரைக் கேட்டால் தன் வட்டையின் கால்மாட்டு ஓரம் என்பார். பெண்கள் யாரையும் கேட்பதில்லை. சோனகப் பெண்களுக்கும் தமிழ்ப் பெண்களுக்கும் அதில் ஆளுக்கொரு துண்டு இருந்தது. தாயிடமிருந்து மகளுக்கு வந்த துண்டு. உறுதிப் பத்திரம் கிடையாது, வேலி கிடையாது. அவர்களுக்கு வேலியாக நின்றது ஒரேயொரு வழமைதான்: பன்னுக்குள் ஆண் கத்தி இறங்கக்கூடாது.

ஒரு பெண் தன் துண்டில் ஓர் ஆணை வெட்டவிட்டால், இது எனக்கு இனி வேண்டாம் என்று அவள் சொன்னதாகப் பொருள். பெண் கைவிட்டது ஆண் கைக்குப் போய்விடும். அந்தப் பக்கத்தில் ஆண் கைத் தரை என்பது வட்டை. வட்டை என்பது போடியார். மாடு தேடிப் போகிற முல்லைக்காரன்கூடக் கத்தியை வரம்பில் வைத்துவிட்டுத்தான் பன்னுக்குள் கால் வைப்பான்.

நபீஸாவின் துண்டு தண்ணீரை ஒட்டிய நல்ல துண்டு. அவளுடைய உம்மா வெட்டினது. ஒரு சொத்து என்று அவளுக்கு இருந்ததும் அதுதான். மகள் ஸகியா பெரியபிள்ளையாகி இரண்டு வருடம். மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு இல்லாத குமருக்கு மாப்பிள்ளை வரமாட்டான். மகளுக்கென்று நபீஸா எழுப்பத் தொடங்கிய வீடு அரைச்சுவரில் நின்று மழையில் கரைந்துகொண்டிருந்தது. சுவர் எழும்பினதெல்லாம் பாய் விற்றுத்தான். இனியும் எழும்புவதென்றால் பாய் விற்றுத்தான். புருஷனும் போனபிறகு வேறு எதை நம்புவது?

இத்தாவில் இருக்கிறவள் பன் வெட்டப் போகமுடியாதே என்று கேட்கலாம். அதற்கும் பெண்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். பிள்ளை பெற்றவளின் துண்டிலும் இத்தா இருப்பவளின் துண்டிலும் மூலைப் பன்னைச் சேர்த்து முறுக்கி ஒரு முடிச்சுப் போட்டுவிடுவார்கள். முடிச்சு இருக்கும்வரை அந்தத் துண்டை யாரும் தொடமாட்டார்கள். பன் முத்தினால் முத்தட்டும், அவள் வந்து வெட்டிக்கொள்ளட்டும். பக்கத்துத் துண்டுக்காரி கண்ணகை, மய்யத்தை எடுத்த மூன்றாம் நாளே போய் முடிச்சுப் போட்டுவிட்டு வந்து சொன்னாள். "ஒண்டுக்கும் யோசிக்காத புள்ள. உன்ட பன் உனக்காக நிக்கும்." அந்த நாட்களில் நபீஸாவுக்கு வந்த ஒரே நல்ல சேதி அது.

இனிக் கச்சி முகம்மதைப் பற்றிச் சொல்லவேண்டும். அவன் செத்துப்போன சீனிமுகம்மதின் மூத்தான். அண்ணன் தம்பி இரண்டு பேரும் காத்தான்குடியிலிருந்து ஓட்டமாவடிக்கு மாப்பிள்ளையாக வந்தவர்கள். கச்சி முகம்மதுக்கு மாட்டுக்கரத்தையும் உப்பு, கருவாட்டு வியாபாரமும். பெண்டாட்டி றபீக்காவின் குடும்பத்துக்குப் பன் துண்டு இல்லை, கடைதான். ஆகையால் அவனுக்குப் பாயில் படுக்கத் தெரியும். பாய் எங்கே முளைக்கிறது, அதற்கு என்ன சட்டம் என்றெல்லாம் தெரியாது. தெரியாத விஷயத்தில் சும்மா இருக்கவும் தெரியாது. தங்கமான மனிதன். மய்யத்துச் செலவிலிருந்து கத்தத்துக்கு ஆடு அறுத்தது வரை ஓடி ஓடிச் செய்தது அவன்தான். வீட்டில் றபீக்காவின் கூரை ஒழுகிக்கொண்டிருக்க, தம்பி வீட்டுக் கூரைக்கு ஓலை மாற்றினவன் அவன்.

கத்தம் முடிந்த மறுநாள் மத்தியானம் அவன் வேலிக் கடப்படியில் வந்து நின்று தொண்டையைச் செருமினான். நபீஸா வாசலில் தொங்கவிட்ட பாய்க்குப் பின்னால் வெறுந்தரையில் கிடந்தாள். ஸகியா கொல்லைக் கிணற்றடியில் கத்தச் சட்டி பானைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நபீஸா, நான்தான். பன்னப் பாத்துட்டு வாறன். எல்லாரும் வெட்டிட்டாங்க. உன்ட துண்டு மட்டும் தனிய நிக்கிது, முத்திச் சாயுது. தம்பி இருந்தா விட்டிருப்பானா? நான் இறங்கி வெட்டித் தரட்டா?"

அவளுக்கு நன்றாகக் கேட்டது. வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் ஒரு சொல்லோடு முடியாது என்றும் அவளுக்குத் தெரியும். ஏன் வேண்டாம் என்பான். முடிச்சைப் பற்றிச் சொல்லவேண்டும். முடிச்சு என்றால் என்ன என்பான். கண்ணகையைச் சொல்லவேண்டும், வழமையைச் சொல்லவேண்டும், அதையெல்லாம் பாய்க்கு இந்தப் பக்கமிருந்து தெருவுக்குக் கேட்கிற சத்தத்தில் சொல்லவேண்டும். நாக்கு அம்மிக்குழவியாகக் கனத்தது. மரணவீட்டில் ஆண்கள் எத்தனையோ சொல்வார்கள், அதையெல்லாம் செய்தா முடிக்கிறார்கள்? கரத்தைக்காரன் பன் வெட்டுவதாவது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவன் இன்னும் கொஞ்சம் நின்றான். "சரி அப்ப" என்றான். செருப்புச் சத்தம் போய்விட்டது. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு.

இரண்டு நாள் கழித்து, காலையில் கரத்தை வந்து கடப்படியில் நின்றது. "உம்மா, பன்!" என்று கத்திக்கொண்டு ஸகியா உள்ளே ஓடிவந்தாள். நபீஸா எழுந்து உட்கார்ந்தாள். முற்றத்தில் கட்டுக் கட்டாகப் பன் விழுகிற சத்தம் கேட்டது. பாயின் ஓரத்து இடுக்கால் பார்த்தபோது முதலில் தெரிந்தது கச்சி முகம்மதின் கால்கள்தான். பன்னின் விளிம்பு அறுத்து முழங்கால் வரை கோடு கோடாக ரத்தம். அட்டை கடித்த இடங்களில் சுண்ணாம்பு. கெண்டைக்காலில் ஒரு துண்டுச் சீலை கட்டியிருந்தான்.

"நபீஸா, ஒரு தாள் விடாம வெட்டிட்டன்" என்றான் அவன். குரலில் அப்படி ஒரு சந்தோசம். "அடி விட்டுத்தான் வெட்டினன், மறுகா குருத்து வரும். ஒரு மூலையில சிக்கி முறுகிக் கெடந்தது. மாடு கீடு மிதிச்சிருக்கும் போல. அதையும் அறுத்தெறிஞ்சிட்டன்."

"அல்லாஹ்வே" என்றாள் நபீஸா. அவளை அறியாமல் வந்த சொல்.

அவனுக்கு அது நன்றியாகக் கேட்டது. "அழாத புள்ள. தம்பிக்குச் செய்யிற கடமதானே இது" என்று சொல்லி, மாட்டை அதட்டிக்கொண்டு போய்விட்டான். முடிச்சும் போயிற்று, வேலியும் போயிற்று, அவன் மனம் குளிர்ந்து போயிற்று.

மத்தியானத்துக்குள் கண்ணகை வந்துவிட்டாள். வந்தவள் உட்காரவில்லை.

"என்ன வேல புள்ள செஞ்சுபோட்டாய்? ஆம்புளக் கத்தி இறங்கியிரிக்கி. விடியவே போடியாருக்கு ஆரோ சொல்லி, அவர்ர ஆக்கள் வந்து உன்ட துண்டச் சுத்திக் கம்பு நட்டுப்போட்டானுகள்."

"நான் வெட்டச் சொல்லல்ல அக்கா."

"வேணாமெண்டு சொன்னியா?"

நபீஸா பாயின் ஓரத்தை இழுத்து மூடினாள். கண்ணகைக்கு விளங்கிவிட்டது. அவள் நிலத்தில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவளுக்கும் வயது போய்க்கொண்டிருந்தது. வெயிலில் மூன்று கட்டை தூரம் நடந்து வந்திருந்தாள்.

"உன்ட துண்டோட நிக்காது கண்டியோ. அது போனா அடுத்தது என்ட. ஒரு துண்டுக்குள்ள ஏர் இறங்கினா மத்தத் துண்டுக்கெல்லாம் தண்ணி நிக்காது" என்றாள். பிறகு குரலைத் தணித்தாள். "ஒரு வழி இரிக்கி. எங்கட அம்மாட காலத்தில ஒருத்தன் பன்னக் களவா வெட்டினவன். அதுக்காகத் துண்டு போகல்ல. களவு குடுத்தவள்ட சொத்து அவளுக்குத்தான். வெட்டினவன் பகல்ல, எல்லாப் பொம்புளயளும் பாக்க, பன்னத் தலையில சுமந்து கொண்டுபோய்க் கரையில வெச்சான். அவ்வளவுதான். நாளைக்கு உங்கட பள்ளி மரைக்காயர் விசாரிக்க வருவார். என்னட்ட ஒரு சொல்லுக் கேக்காம வெட்டினார் எண்டு சொல்லு."

"அந்த மனிசன் கேட்டாரே."

"கேட்டது ஆருக்குத் தெரியும்? நீ உள்ள, அவர் வெளிய. சாட்சி இரிக்கா?"

"எனக்குத் தெரியுமே அக்கா."

"மகளுக்கு அரைச்சுவரக் காட்டியா மாப்பிள எடுக்கப்போறாய்?" என்றாள் கண்ணகை. கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னாள்.

அவள் போனபிறகு நபீஸாவுக்கு எல்லோர் மேலும் ஆத்திரம் வந்தது. காய்ச்சலில் போன புருஷன் மேல் வந்தது. கூப்பிடாமல் உதவிக்கு வந்த மச்சான் மேல் வந்தது. பொய் சொல்லச் சொன்ன கண்ணகை மேலும் வந்தது. கெட்ட மனிதனால் வருகிற தொல்லையைத் தாங்கலாம். அவனை நாலு ஏச்சு ஏசிவிட்டுப் போய்ப் படுக்கலாம். நல்ல மனிதனால் வருகிற தொல்லைக்கு என்ன செய்வது? அவனுடைய காலில் வடிந்த ரத்தம் அவளுடைய கண்ணை விட்டுப் போகவில்லை. முற்றத்தில் பன் காய்ந்துகொண்டிருந்தது. வாசனை உள்ளே வந்தது. எத்தனையோ வருடமாக அந்த வாசனைக்கு அவளுடைய கை தானாகத் துருதுருக்கும். அன்றைக்கு அது மடியிலேயே கிடந்தது.

அஸர் தொழுகைக்குப் பிறகு றபீக்கா சோறு கொண்டுவந்தாள். "ராத்தா, நாளைக்கு நான் சொல்லப்போறது மச்சானுக்கு நோகும்" என்றாள் நபீஸா.

றபீக்கா சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள். "அந்த மனிசன் ரெண்டு நாளா காலத் தடவிக்கிட்டுக் கிடக்கு. பன் வெட்டினன், தம்பிர ரூஹு சந்தோசப்படும் எண்டு ஆக்களுக்கெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிது. நீ என்னத்தச் சொல்லப்போறா?"

நபீஸா கோப்பையை இழுத்துச் சோற்றைப் பிசைந்தாள்.  றபீக்கா அவள் சாப்பிட்டு முடியும்வரை இருந்துவிட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் அசனார் மரைக்காயர் வந்தார். பள்ளிவாசல் மரைக்காயர்களில் மூத்தவர். வழக்கு என்றால் பள்ளியில்தான் கூடுவார்கள். இத்தாவில் இருக்கிறவள் அங்கே வரமுடியாது என்பதால் பள்ளியே அவள் முற்றத்துக்கு வந்திருந்தது. மரநிழலில் பாய் விரித்து மரைக்காயர் இருந்தார். இப்றாஹிம் போடியார் பக்கத்தில் இருந்தார். கெட்ட மனிதர் என்று சொல்வதற்கில்லை. கத்தத்துக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்பினவர்தான். அரிசியும் அனுப்புவார், கம்பும் நடுவார். கச்சி முகம்மது கொஞ்சம் தள்ளி நின்றான். வேலிக்கு வெளியே கண்ணகையும் பன்காரப் பெண்கள் ஏழெட்டுப் பேரும் வந்து நின்றார்கள். வாசல் பாய்க்குப் பின்னால் நபீஸா இருந்தாள்.

இரவு முழுக்கப் புரண்டு யோசித்து, அந்தப் பொய்யைச் சொல்லிவிடுவதென்றுதான் அவள் தீர்மானித்திருந்தாள். கேட்கவில்லை என்ற ஒரு சொல். சொல்லிவிட்டால் முடிந்துவிடும், படுக்கலாம்.

"நான் என்ட சொத்தயா கேக்கிறன், வழமயத்தானே கேக்கிறன்" என்று போடியார் தொடங்கினார். "பன்னுக்குள்ள ஆம்புளக் கத்தி இறங்கினா அது வட்டையோட சேரும் எண்டது நான் உண்டாக்கின சட்டமில்ல. இந்தப் பொம்புளயள்ற சட்டம்."

மரைக்காயர் தலையாட்டினார். "கச்சி முகம்மது, பன் வெட்டினது நீதானா?"

"நான்தான். இப்படியொரு வழம இருக்கெண்டு அல்லாஹ் அறிய எனக்குத் தெரியாது."

"ஆரக் கேட்டு வெட்டின?"

பாய்க்குப் பின்னால் நபீஸா முன்னுக்கு நகர்ந்தாள். அவன் தெரியாது, மறந்துவிட்டது என்று எதையாவது சொல்லமாட்டானா என்றிருந்தது அவளுக்கு. ஆனால் கச்சி முகம்மது நேராக நடக்கிற மாடு.

"நபீஸாட்டக் கேட்டன். கத்தத்துக்கு மறாநாள், கடப்படியில நிண்டு, வெட்டித் தரட்டா எண்டு கேட்டன்."

"அவ என்ன சொன்னா?"

"ஒண்டும் சொல்லல்ல."

மரைக்காயர் சிரித்தார். "ஒண்டும் சொல்லாட்டி என்ன அர்த்தம்? நிக்காஹ்வில குமரிட்டப் போய்க் கேக்கிறம், அவ பேசாம இருந்தா சம்மதமெண்டுதானே வந்து சொல்லுறம். திரைக்குப் பின்னால இருக்கிற பொம்புளைக்குப் பேசாம இருக்கிறதுதான் பேச்சு."

முற்றத்தில் இருந்தவர்கள் ஓம் என்றார்கள். போடியார் தோளில் கிடந்த சால்வையைச் சரிசெய்தார். வழக்கு முடிந்ததுபோல இருந்தது. வேலிக்கு வெளியே கண்ணகை தலையைக் குனிந்தாள்.

"இல்ல" என்றது பாய்.

அப்படித்தான் இருந்தது அங்கே நின்றவர்களுக்கு. நாற்பது நாளுக்கு மேலாக அந்த வீட்டிலிருந்து ஆண்கள் காதில் விழுந்த முதல் சொல் அது.

"மச்சான் கேட்டது உண்மை" என்றாள் நபீஸா. குரல் முதலில் கரகரத்தது. "எனக்குக் கேட்டதும் உண்மை. நான் பேசல்ல. அது சம்மதமில்ல."

"பின்ன என்னம்மா?"

"களைப்பு."

  பேசத் தொடங்கியபின் அவளால் நிறுத்த முடியவில்லை. "மாரி முழுக்க நான் படுக்கல்ல. மனிசன் மௌத்தாகின நாள்ல இருந்து வாற போற எல்லாருக்கும் பதில் சொல்லிக்கிட்டே இருந்தன். மச்சான் வந்து கேக்கக்குள்ள வேணாமெண்டு சொல்லத்தான் நினைச்சன். வாயத் துறக்க ஏலாமக் கெடந்தது. அவ்வளவுதான். நிக்காஹ்விலயும் நான் பேசல்லதான். எனக்கு அண்டைக்குப் பயம். ஒருத்தரும் என்னெண்டு கேக்கல்ல. நல்ல மனிசன் கிடைச்சாரு, அது என்ட நஸீபு. ஒவ்வொருதரமும் நஸீபு அப்படி வருமா? நான் பேசாம இருந்தா நீங்க ஒரு அர்த்தம் வெச்சிருக்கிறீங்க. நான் வெச்சிருந்தது வேற."

மரைக்காயரின் முகத்தில் சிரிப்பு இல்லை.  அவரும் பெண்மக்கள் ஐந்து பேருக்கு நிக்காஹ் முடித்தவர்.

"புள்ள, நீ சொல்லுறது எனக்கு விளங்குது. ஆனா ஒண்டு இருக்கு. சம்மதமில்லாம ஒருத்தன் வெட்டினா அதுக்குப் பேரு களவு. நடுவில வேற பேரு இல்ல. சம்மதமெண்டா துண்டு போகும். களவெண்டா துண்டு உன்ட, இந்த மனிசன் கள்ளன், எல்லாரும் பாக்கப் பன்னத் தலையில சுமந்து கரையில வைக்கோணும். எது எண்டு உன்ட வாயால நீதான் சொல்லோணும்."

பாயின் இடுக்கால் அவளுக்குக் கச்சி முகம்மது தெரிந்தான். அவன் மரைக்காயரைப் பார்க்கவில்லை. தன்னுடைய கால்களையே பார்த்துக்கொண்டு நின்றான். பொய் சொல்லியிருந்தாலாவது, அவள் பொய்காரி என்று அவன் மனம் ஆறியிருக்கும். உண்மையைச் சொன்னபடியால் அவனுக்கு அந்த ஆறுதலும் இல்லை.

ஸகியா அவளுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். மகளின் மூச்சு அவளுக்குக் கேட்டது.

"களவு" என்றாள் நபீஸா.

கச்சி முகம்மது தலையை ஆட்டினான். "எப்ப சுமக்கோணும்?" என்று மரைக்காயரைக் கேட்டான். நாளைக்குக் காலையில் என்றார் அவர். போடியார் எழுந்து, கம்பைப் பிடுங்கச் சொல்கிறேன் என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார். வேலிக்கு வெளியே நின்ற பெண்களில் ஒருத்தி குரவையிடத் தொடங்க, கண்ணகை அவளுடைய வாயைப் பொத்தினாள்.

அன்று மாலை றபீக்கா சோறு கொண்டுவரவில்லை.

காலையில் வெயில் ஏறமுன்பே பெண்கள் ஆற்றங்கரைக்குப் போய்விட்டார்கள். நபீஸா முகம் கழுவிவிட்டுப் பாய்க்குப் பின்னால் வந்து இருந்தாள். துண்டு தப்பிவிட்டது. ஸகியாவுக்கு வீடு எழும்பும். அவளுக்குப் பிறகு அவளுடைய மகளும் அந்தச் சேற்றில் இறங்கி வெட்டுவாள். இதையெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். சந்தோசம் வரவில்லை, நித்திரைதான் வந்தது. அப்போதுதான் கடப்படியில் செருமல் கேட்டது.

கச்சி முகம்மது தனியாக வந்திருந்தான். கள்ளனுக்குச் சுமை தூக்கிவிட யாரும் வரக்கூடாது. பன் கட்டுகள் முற்றத்தில், கடப்படியிலிருந்து பத்தடியில் கிடந்தன. முந்தாநாள்வரை கேட்காமல் முற்றத்துக்கு வந்து, கிணற்றில் தண்ணீர் அள்ளிக் குடித்து, கூரையில் ஏறி ஓலை மாற்றிப் போன மனிதன் வேலிக்கு வெளியே நின்றான்.

"பன் எடுக்க வந்திருக்கன். முத்தத்துக்கு வரட்டா?"

நபீஸா வாயைத் திறந்தாள். அப்போதுதான் அழுகை வந்தது. புருஷனின் மய்யத்தைத் தூக்கினபோது வராத அழுகை, நாற்பதாம் நாள் ஓதினபோது வராத அழுகை, எல்லாம் சேர்ந்து பெருகியது. வாங்க என்று ஒரு சொல். அந்தச் சொல் மேலே வரவேயில்லை. முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள்.

அவன் காத்து நின்றான். தெருவால் இரண்டு பேர் போனார்கள். அவனைப் பார்த்துவிட்டுப் பார்க்காதவர்கள் மாதிரி நடந்தார்கள். அவன் கடப்படியைத் தாண்டவில்லை.

"வரட்டா?" என்றான் மறுபடி.

"வாங்க மச்சான்" என்றாள் அவள். அது அவளுக்கே கேட்கவில்லை.

வெயில் வேலிக்கு மேலே வந்துவிட்டது. சீலைத்துண்டு கட்டின காலை அவன் மாற்றி வைத்து நின்றான்.

"எனக்குக் கேக்கல்ல" என்றான் கச்சி முகம்மது. பதினாறு வருடமாக அவளை நபீஸா என்றும் நீ என்றும் புள்ள என்றும் கூப்பிட்டு வந்தவன். "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. சொன்னாத்தான் வருவன்."